துணியின் மேல் மூலை

தையற்காரி சொன்னால் சொன்னதுதான். மகன் வருவதற்குள் அவன் அறையைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவன் வேலை பார்த்த கப்பலிலிருந்து காணாமல் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. தேடுவதை நிறுத்திவிட்டதாகக் கம்பெனியும் சொல்லிவிட்டது. அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"இனிமே யாருக்குடி அந்த ரூம்?" என்றார் பஸ் ஓட்டும் அவள் கணவர்.

"என் புள்ளைக்கு. நீங்க போய்த் தூங்குங்க."

வேலை அவளுக்கு அத்துப்படி. பழைய லேஸ் திரைச்சீலையைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க வேண்டும். துணியை எடுத்தால் சுவரெல்லாம் பூ. எது மறைக்கிறதோ அந்த இடத்தில் நிறம் படாது, அவ்வளவுதான் வித்தை. அவளுக்கு எட்டாத மேல் மூலையை மகன்தான் பிடித்துக்கொள்வான். சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி வலது ஆள்காட்டி விரலில் பாதி போனதிலிருந்து அப்பாவுக்கு அவன் 'ஒன்பதரை'. கையில் ஒட்டிய பெயிண்டைச் சமையலறைத் துண்டில் துடைத்துவிட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இன்று ஸ்டூலில் ஏறி டேப் ஒட்டினாள். கீழே இறங்கி டப்பாவைக் குலுக்குவதற்குள் மேல் மூலை டேப் பிய்ந்து தொங்கியது. துணி மட்டும் விழவில்லை. ஈரச் சுவர், ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு தங்க நிறத்தை அடிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சுருக்கம்.

"இறுக்கிப் பிடிடா," என்றாள், பழக்க தோஷத்தில்.

சுருக்கம் நீங்கியது.

மேல் மூலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை, அடித்து முடித்தாள். துணியை இழுத்தால் மேல் மூலை மட்டும் வர மறுத்தது.

"போதும், விடுப்பா." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

துணி மொத்தமாக அவள் காலடியில் விழுந்தது. சுவரில் பூக்கள் நன்றாகத்தான் வந்திருந்தன. மேல் மூலையில் மட்டும் பூ இல்லை. அங்கே நிறமே படாமல் வெள்ளையாக ஒரு கை, ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றது.

"என்னங்க! இங்க வாங்க! நம்ம புள்ள வந்துட்டான்!"

அலறலில் விழித்து ஓடிவந்தவர் சுவரைப் பார்த்தார். தன் கையைத் தூக்கி அந்த வெள்ளையோடு ஒப்பிட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு உறைத்தது, மகன் எப்படி வந்திருக்கிறான் என்று.

சுவரில் படாத நிறம் வேறெங்கே பட்டிருக்கும்? சமையலறைக்கு ஓடினாள். காலையில் துவைத்துப் போட்ட துண்டில் தங்க நிறம் ஈரமாக இழுபட்டிருந்தது. எத்தனையோ முறை இதற்காக அவனைத் திட்டியவள், துண்டை முகத்தில் அப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கதறினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை.

கணவர் வெகுநேரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுந்திரு," என்றார் கடைசியில். "அடுத்த சுவத்துல துணியை வை. டேப்பெல்லாம் வேணாம். பிடிக்க ஆள் நிக்கிறான்ல."

அறைக்குத் திரும்பி, கீழே கிடந்த டப்பாவை அவரே எடுத்துக் குலுக்கினார்.