பதினெட்டாவது வட்டம்

எனக்கு வெற்று வட்டத்தைக் கண்டால் ஆகாது. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

வீட்டிலேயே ஸ்டிக்கர் செய்து கொடுப்பது என் தொழில். குழந்தைகளின் தண்ணீர் பாட்டிலுக்கு, பைக்கு, அலமாரிக் கதவுக்கு. இயந்திரம் எதுவும் கிடையாது. தடித்த வெள்ளைத் தாளில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடுவேன்; ஒரு தாளுக்கு ஆறு வட்டம். உள்ளே அந்தந்தக் குழந்தையின் முகம், கறுப்பு மையில் கோடு, கலர் பென்சிலில் நிறம். மேலே அகலமான கண்ணாடி டேப்பை ஒட்டி, காற்றுக் குமிழ் நிற்காமல் ஸ்கேலால் தேய்த்து இழுப்பேன். பின்பக்கம் இரட்டைப் பக்க டேப், அதற்கும் அடியில் பட்டர் பேப்பர். உரித்து ஒட்ட வேண்டியதுதான். முகம் அச்சு அசலாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அடக்கமாகப் பேசி என்ன ஆகப்போகிறது.

என் மகளை நான் கடுகு என்று கூப்பிடுவேன். நாலு வயது, இருக்கும் இடம் தெரியாது, ஆனால் வாய் திறந்தால் வெடிக்கும். அவள் போகிற குழந்தைகள் காப்பகத்தில் அவளையும் சேர்த்துப் பதினேழு பேர். எழுத்துத் தெரியாத வயது என்பதால் யார் பை எந்தக் கொக்கியில் என்று தினமும் காலையில் அடிதடி. ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு முகத்தை ஒட்டிவிட்டால் சண்டை தீரும் என்று மிஸ் என்னைக் கேட்டார். மற்ற பதினாறு அம்மாக்களிடமும் என் போனுக்குப் படம் அனுப்பச் சொன்னார். கடுகுக்கு எதற்குப் படம்? அவளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இப்போதும் எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

மூன்று தாளில் பதினெட்டு வட்டம். பதினேழு முகம் முடிந்த பிறகு கடைசி வட்டம் சும்மா கிடந்தது. தாளை வீணாக்க எனக்கு மனசு வராது. எப்போதும் செய்வதுபோல அதிலும் மனத்தில் தோன்றிய ஒரு முகத்தை வரைந்து வைத்தேன். வழக்கமாக வாங்குகிறவர்கள் அந்த மாதிரி உபரி முகத்தை ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள், இல்லையென்றால் குப்பையில் போடுவார்கள். மிஸ்ஸிடம் கொடுக்கும்போது ஒன்று அதிகம் என்று சொல்ல மறந்துவிட்டேன். காப்பகத்துச் சுவரிலோ ஆறு ஆறு கொக்கியாக மூன்று பலகை. பதினெட்டுக் கொக்கிக்குப் பதினெட்டு முகம் சரியாக இருக்கவும், மிஸ் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார்.

பத்து நாள் கழித்து, காலையில் கடுகை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஆயாம்மா என்னை வாசலில் மடக்கினார். பாத்திரம் கழுவுவது, படுக்கை விரிப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் அந்த அம்மாதான். யாருக்கும் பயப்படாத வாய்.

"ஏம்மா, உனக்கு எண்ணத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனச்சிட்டு இருக்கேன்."

"அப்ப உள்ள வந்து எண்ணு."

பால் குடிக்கிற நேரம். பிள்ளைகள் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டைமுடிக்காரன், பல் விழுந்தவள், எப்போதும் அழுகிறவன், பக்கத்தில் கடுகு. எண்ணினேன். பதினெட்டு. தலையைத் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன். பதினெட்டுதான்.

"டம்ளர் பதினேழுதான் இருக்கு," என்றார் ஆயாம்மா. "மெத்தையும் பதினேழு. பத்து நாளா ஒரு டம்ளர் கொறையுது, ஒரு மெத்தை கொறையுது. திருட்டுப் போச்சுன்னு மிஸ் சொல்றாங்க. டம்ளரை எவன்மா திருடுவான்? ஆறு மாசமா இந்தக் கையால பதினேழுதான் கழுவுறேன். டம்ளர் கொறையல. புள்ள கூடியிருக்கு."

"புதுசா யாராவது சேந்திருப்பாங்க."

"யாரு புதுசு? நீயே காட்டு."

பார்த்தேன். ஒரு முகம்கூடப் புதிதில்லை. எல்லோரையும் எனக்குத் தெரியும், எல்லோருடைய அம்மாவையும் தெரியும். சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து அழைத்துக்கொண்டு போவார்கள், ஒரு பிள்ளைகூட மிஞ்சாது.

மிஸ் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பதினெட்டுப் பெயர், எல்லாம் அவர் கையெழுத்து, ஒரே பேனா. "நான்தான் எழுதியிருக்கேன். ஆனா பதினேழு எழுதினதாத்தான் ஞாபகம்," என்றார். அப்போதுதான் நான் உபரி முகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இதுல எது அது?" என்று சுவரைக் காட்டிக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பென்சிலைச் சீவியது நினைவிருக்கிறது, அன்று வெயில் மேசை மேல் விழுந்தது நினைவிருக்கிறது, வரைந்த முகம் மட்டும் நினைவில்லை. சுவரில் இருந்த பதினெட்டும் உயிருள்ள பிள்ளைகளாகவே தெரிந்தன.

"வீட்ல போன்ல படமெல்லாம் இருக்கு. ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். கடுகைத் தவிர்த்து, படம் இல்லாத முகம் எதுவோ அதுதான் நான் இட்டுக்கட்டியது. இதைவிடச் சுலபமாக ஒரு கணக்கு உண்டா?

மதியம் உட்கார்ந்து எண்ணினேன். போனில் பதினேழு படம். பதினாறு இருக்க வேண்டும். ஒன்று இரண்டு முறை வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பதினேழும் வேறு வேறு பிள்ளைகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அம்மா "கன்னத்துல மச்சம் வரையுங்க", "சிரிக்கிற மாதிரி வேணும்" என்று எழுதியிருந்தார். தாளில் பதினெட்டுப் பெயரையும் எழுதி, படம் இருப்பதை அடித்துக்கொண்டே வந்தேன். சுவரில் இருந்ததில் படம் இல்லாத முகம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது கடுகு.

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு போனில் அவளுடைய படங்களைத் தேடினேன். ஸ்டிக்கர் ஒட்டிய நாளிலிருந்து நாற்பது படம் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. இடம் பற்றவில்லை என்று நானே அழித்திருப்பேன். அவள் அப்பாவைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பிறகுதான் அவர் எப்போது போனார், எங்கே போனார், எப்படி இருப்பார் என்று எதுவும் வரவில்லை என்பது உறைத்தது. கடுகை அறுவை செய்துதான் எடுத்தார்கள். அந்த வலி, நர்ஸின் கைக் குளிர், முதல் அழுகை எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. குளியலறைக்குள் போய்த் துணியை விலக்கிப் பார்த்தேன். வயிற்றில் தழும்பே இல்லை.

பயந்தேன். அவளைக் கண்டு பயப்படவில்லை. அவளை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களே என்றுதான் பயந்தேன். சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனபோது, ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கை சூடாக இருந்தது. உள்ளங்கையில் பாலும் மண்ணும் பிசுபிசுத்தது.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் மிஸ்.

"இன்னும் இல்ல," என்றேன்.

"ஆயாம்மா ஒரு யோசனை சொல்றாங்க. எல்லாத்தையும் உரிச்சிடலாமாம். நெஜமான புள்ளைக்கு ஸ்டிக்கர் போனா என்ன, அது பாட்டுக்கு நிக்கும். ஒட்டினதால வந்தது மட்டும் போயிடும். நாளைக்குக் காலையில வந்துடுங்க. நான் உரிச்சா கிழிஞ்சிடும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நான் போகாவிட்டால் மிஸ்ஸே உரிப்பார், எந்த முகத்தில் தொடங்குவார் என்று யாருக்குத் தெரியும். வருகிறேன் என்றேன்.

மறுநாள் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு பொம்மை கொடுத்திருந்தார்கள். ஆயாம்மா நடுவில் நின்றார், எண்ணுவதற்கு. நான் முதல் பலகையின் இடது ஓரத்தில் தொடங்கினேன். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக, சாய்வாக இழுக்க வேண்டும். சுருட்டைமுடிக்காரன் உரிந்து வந்தான். "பதினெட்டு," என்றார் ஆயாம்மா. பல் விழுந்தவள் வந்தாள். "பதினெட்டு." அழுகிறவனை உரித்தபோது அவன் அழுதான், ஆனால் அது அவன் வழக்கம். "பதினெட்டு." மிஸ் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்து விட்டார். நானும் அவரைப் போலவே நடித்தேன். கடுகின் முகம் இரண்டாவது பலகையில் இருந்தது. அதைத் தாண்டி மூன்றாவதற்குப் போனேன்.

"அது விட்டுப்போச்சே," என்றார் மிஸ்.

"கடைசியா எடுக்கறேன்."

கடுகு எழுந்து என்னிடம் வந்தாள். "அம்மா, என்னோடதையும் எடுத்துட்டா நான் பையை எங்க மாட்டுறது?"

"போய் உக்காரு கண்ணு," என்றேன்.

பதினேழும் முடிந்தது. "பதினெட்டு," என்றார் ஆயாம்மா, இந்த முறை கொஞ்சம் மெதுவாக. மூவரும் அந்த ஒற்றை முகத்தின் முன்னால் நின்றோம். ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்று ஓர் ஆசை. நகத்தை நுழைத்து, வலது காதின் ஓரத்தை மயிரிழை அளவு கிளப்பினேன்.

பின்னால் கடுகு, "கூசுதும்மா," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் வலது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதின் ஓரம் மங்கி, அதன் வழியே பின்னாலிருந்த சன்னல் கம்பி தெரிந்தது.

கட்டைவிரலால் ஸ்டிக்கரை அழுத்தினேன். அழுத்தி அழுத்தித் தேய்த்தேன், என் விரல் நோகும்வரை. காது திரும்பி வந்தது. மிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாம்மா மட்டும் கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல மிஸ்," என்றேன். "நல்லாப் பிடிச்சுக்கிச்சு. இழுத்தா பெயிண்ட்டோட பேத்துக்கிட்டு வரும்."

"வந்தா வரட்டும். உரிங்க."

"பலகை பாழாயிடும்."

"பரவாயில்லங்க, எடுங்க. இல்ல, நானே…" மிஸ் கையை நீட்டினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். வாழ்நாளில் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. வளையல் நெளிந்திருக்கும்.

"விடுங்க மிஸ்," என்றார் ஆயாம்மா. "பதினேழு உரிச்சாச்சு, ஒண்ணும் போகல. மிச்சம் இருக்கறது இவங்க சொந்தப் புள்ள. பெத்தவளுக்குத் தெரியாதா? நான்தான் எண்ணத் தெரியாம ஊரைக் கூட்டிட்டேன். நாளைக்கு ஒரு டம்ளர் வாங்கிட்டு வந்தா தீந்துச்சு."

மிஸ்ஸுக்கும் அப்படி ஒரு பேச்சுதான் வேண்டியிருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஆயாம்மா ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து, அந்தப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "வீட்ல எட்டாத இடத்துல மாட்டு," என்று மட்டும் சொன்னார்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அந்தப் பிள்ளைகள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு வாங்கி மாளவில்லை என்று அம்மாக்கள் என்னிடம் புலம்புவார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்து புலம்புவேன். கடுகு இன்னும் காப்பகத்துக்கே போகிறாள். அவளுடைய பழைய செருப்பு அவளுக்கு இன்னும் சரியாக இருக்கிறது. மிஸ் மாறிவிட்டார், புது மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. ஆயாம்மா டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார்.

வழி எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு வயது முகம் ஒன்று வரைந்து ஒட்டினால் ஏழு வயதாகிவிடுவாள். ஆனால் புதியதை ஒட்ட வேண்டுமென்றால் பழையதை உரிக்க வேண்டும். பழையதன் மேலேயே ஒட்டிவிடலாமே என்று ஒருநாள் சோதனைக்கு ஒரு துண்டுத் தாளால் அந்த முகத்தை மூடினேன். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, ஏன் லைட்டை அணைச்ச?" என்று கத்தினாள். பட்டப்பகல், சன்னலெல்லாம் திறந்திருந்தது. அதோடு அந்த எண்ணத்தை விட்டேன். உரிப்பதற்கும் ஒட்டுவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில் அவள் எங்கே இருப்பாள்? நான் கோழைதான். எத்தனையோ முகம் வரைந்த கை இந்த ஒன்றைத் தொட மாட்டேன் என்கிறது.

நேற்று சாயங்காலம் சுருட்டைமுடிக்காரன் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனான். கடுகை அவன் பார்க்கவே இல்லை. அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, எல்லாரும் பெருசாயிட்டாங்க. நான் எப்ப பெருசாவேன்?"

தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சமும் கனம் கூடவில்லை. "பெருசாகி என்னடி கிழிக்கப் போற? இப்படியே இரு கண்ணு. இப்படித்தான் அம்மாவுக்குப் பிடிக்குது."

என் நெற்றியோரத்தில் நரைத்திருந்த முடியை விரலில் சுற்றிக்கொண்டே, "எவ்வளவு நாளும்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.