நாற்பத்தோரு இடங்கள்

போல்ட் துருப்பிடித்திருந்தது. ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது. அவன் தரையில் மல்லாந்து படுத்து பெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்தான். கண்ணுக்கு நேரே மனைவியின் பாதங்கள்.

அவள் பாடம் எடுக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு அது. உட்காரும் பலகையும் எழுதும் பலகையும் ஒரே இரும்புச் சட்டத்தில். அந்த இடுக்கில் உட்கார்ந்தபடியே, பலகையில் கன்னத்தைச் சாய்த்து அவள் செத்துப்போயிருந்தாள். பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். தூக்கிப் பார்த்தார்கள், முழங்கால் சிக்கியது. பலமாக இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பஸ் டிப்போ மெக்கானிக் என்பதால் பைக்கில் ஸ்பேனர் இருந்தது.

"மணி ஏழே முக்கால் சார். எட்டரைக்குப் புள்ளைங்க வந்துடும்," என்றார் வாட்ச்மேன்.

பதினெட்டு வருஷமாக விடியற்காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தானே ஓடுகிறாய் என்று சீண்டுவான். அவள் சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பை அவன் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டிருந்தான். இன்று காலையும் கேட்டான். இன்றும் சிரித்தாள். இனி அவளிடம் கேட்க முடியாது.

போல்ட் அசைந்தது. பலகையைக் கழற்றி அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸில் அவள் தம்பி ஏறிக்கொண்டான்.

"நீ போ மாப்ள. இத மாட்டிட்டு வரேன். புள்ளைங்க உக்காரணும்ல."

வண்டி போன பிறகு, போல்ட்டைத் திருகிக்கொண்டே வாட்ச்மேனிடம் கேட்டான்.

"மயக்கம் வந்து இதுல உக்காந்துட்டாளாண்ணே?"

"இல்ல சார். நேத்து அந்தப் பக்கத்து இடம். இன்னிக்கு இது."

தினமும் அப்படித்தானாம். போர்டில் அன்றைய பாடத்தை எழுதுவாள். பிறகு ஒரு பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்து, பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து வந்து ஒரு வரியை அழித்துப் பெரிதாக எழுதுவாள். மேசையை ஒரு சாண் நகர்த்துவாள். திரும்பப் போய் உட்காருவாள். ஒரு நாளைக்கு ஓர் இடம், மொத்தம் நாற்பத்தோரு இடம். கடைசி வரிசை முடிந்தால் மறுபடி முதல் வரிசை. டீச்சருக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் வாட்ச்மேனும் முதலில் நினைத்தாராம்.

"ஒருநாள் கேட்டேன் சார். 'நான் நிக்கிற எடத்துலேருந்து எல்லாம் நல்லாத்தான் தெரியுது, அதான் பயமா இருக்கு'ன்னாங்க."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். சுற்றிலும் பார்த்தான். பதினாறு வயதில், முதல்முதலாகப் பிரித்துப் போட்ட ஒரு எஞ்சின் முன்னால் இப்படி மலைத்து நின்றிருக்கிறான். அப்புறம் இன்றைக்குத்தான்.

"நாளைக்கு எதுண்ணே?"

வாட்ச்மேன் ஜன்னலோர இடத்தைக் காட்டினார்.

அவன் பக்கவாட்டில் நுழைந்து, முட்டியை மடக்கி உட்கார்ந்தான். போர்டின் வலது பாதி வெயிலில் பளபளத்தது. அவளுடைய எழுத்தில் பாதி தெரியவில்லை. எழுந்து ஒரு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தான். இன்னும் இரண்டு வரி பாக்கி.

வாசலில் முதல் வேன் ஹார்ன் அடித்தது. அவன் மறுபடி எழுந்து, அடுத்த கதவை ஒரு விரற்கடை நகர்த்தினான்.