மாவட்டம் இல்லாத ஊர்

காலை ஒன்பது இருபது. அக்கா போனில் வந்தாள்.

"மறுபடியும் திரும்பிப் போயிடுச்சுடி. உங்க கம்பெனி என்ன, கண்ணாமூச்சி ஆடுதா?"

திரும்பிப் போனது அக்கா மகளின் ஷூ. வளைந்த பாதத்தை நிமிர்த்த அளவெடுத்துச் செய்தது. இது இரண்டாவது தடவை.

"இன்னொரு தடவை சுத்தினா கால் வளர்ந்துடும். மறுபடி அளவெடுக்கணும். அதுவரைக்கும் இவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே திரியணும்."

"முகவரியில மாவட்டம்னு இருந்த கட்டத்துல என்ன போட்டே?"

"நமக்கு ஏதுடி மாவட்டம்? காலியா விட்டா சிவப்பா கத்துது. பட்டியல்ல முதல்ல இருந்ததைத் தொட்டேன். இங்க எல்லாரும் அதைத்தான் தொடுறாங்க."

தங்கைக்கு வேலை அந்தக் கூரியர் நிறுவனத்தில், முகவரிப் படிவத்தை உருவாக்கும் பிரிவில். அவர்களுடைய துறைமுக ஊர் நேராக மாகாணத்தின் கீழ் வருவது. நடுவில் மாவட்டம் என்று எதுவும் இல்லை.

பட்டியலின் முதல் மாவட்டம் மலைக்கு அந்தப் பக்கம். அதன் கிடங்குத் திரையைத் திறந்தாள். உப்பளத் தெரு. படகுத்துறைச் சந்து. விளக்குமேடு. அவள் ஊருக்குப் போகவேண்டிய பார்சல்களில் பாதி அங்கே கிடந்தது.

பிரிவின் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர் 'கட்டம்'. எதையும் காலியாக விடமாட்டார்.

"ஊர் பேரையே மாவட்டமாப் போட்டுடும்மா. ஆச்சு வேலை."

"இல்லாத மாவட்டத்தை நாம உண்டாக்கினா, நாளைக்கு கலெக்டர் எங்கேன்னு கேப்பாங்க, சார்."

"காலியா விட்டா மெஷின் திருதிருன்னு முழிக்கும்."

"மறந்து விட்டது வேற, இல்லவே இல்லாதது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நாமதான் மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கோம்."

அவர் பேனா மூடியைக் கடித்தார்.

"சரி. எழுதிக் காட்டு."

மாலைக்குள் புது விதியை எழுதினாள். அஞ்சல் எண்ணை அடித்ததும், மாவட்டம் இல்லாத ஊரென்றால் அந்தக் கட்டமே மறைந்துவிடும். மெஷின் எண்ணை மட்டும் பார்க்கும்.

"சோதனைக்கு முதல்ல எந்தப் பார்சலை விடப்போறே?"

"எங்க அக்கா பொண்ணோட ஷூ."

"தொலைஞ்சா?"

"அக்கா என்னை வீட்டுப் படி ஏற விடமாட்டா."

"உனக்குப் படியோட போச்சு. எனக்குத் தலையே உருளும்," என்றார். ஆனால் ஒப்புதலை அழுத்திவிட்டார்.

ஷூ செய்பவரிடம் மறுபடி அனுப்பச் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தேங்கிக் கிடந்த பார்சல்களோடு ஒரு லாரி துறைமுகத்துக்குக் கிளம்பியதைத் திரையில் பார்த்தாள்.

அக்கா அடுத்து அழைத்தது வீடியோவில். சுவரில், குழந்தையின் தோள் உயரத்துக்கு, விரல் பட்டு அழுக்கேறிய ஒரு கோடு அறையைச் சுற்றி ஓடியது. அக்கா குனிந்து, மகள் போட்டிருந்த புது ஷூவின் குதிகாலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். இடம் இருந்தது, கொஞ்சம்.

"சுவத்துலேர்ந்து கையை எடுடி," என்றாள் மகளிடம்.

எடுத்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. அறையின் நடுவில், எதையும் பிடிக்காமல் நின்று போனைப் பார்த்தாள்.

"சித்தி, இப்ப நான் எங்க போகட்டும்?"