உயிரோடு வர வேண்டிய ரத்தம்

1988 ஜூலையில் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்தது. நான் குளிக்கப் போகவில்லை. மசூதின் ரத்தத்துக்காகப் போனேன்.

முதலில் மசூது யார் என்று சொல்லிவிடுகிறேன். தென்காசிக்காரர், முப்பது வயது, சவுதியில் கிரேன் ஓட்டியவர். மே மாதம் விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தபோது அவருக்கு ஒன்றுமில்லை. ஜூனில் காய்ச்சலில் படுத்தார். மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, எய்ட்ஸ் கிருமி இருக்கிறதென்று சொல்லி, துணிமணியைக்கூட எடுக்கவிடாமல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தென்காசி டாக்டர் தாணுமாலயன் என்னோடு மேலகரம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சென்னையில் நான் இந்தக் கிருமியைத்தான் ஆராய்கிறேன் என்று தெரிந்து, உறுதிசெய்ய ஒரு துளி ரத்தநீர் அனுப்பினார்.

சோதனையில் நிறம் மங்கலாகத்தான் வந்தது. உடம்பு இப்போதுதான் எதிர்க்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவரை எங்களுக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் எப்போது தொற்றியது என்றே தெரியாதவர்கள். உள்ளே வந்த கிருமி நாளாக ஆக உருமாறி, ஒன்று ஆயிரமாகி நிற்கும். அதில் முதலில் நுழைந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தடுப்பூசி மறிக்க வேண்டியது முதலில் நுழைகிற அந்தக் கிருமியைத்தான். மசூதின் உடம்பில் அதன் முகம் இன்னும் மாறியிருக்காது. ஆனால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் உயிரோடு என் மேசைக்கு வந்து சேர்ந்தால்தான் அதை வளர்த்துப் பார்க்க முடியும்.

மசூது டாக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "தென்காசில வச்சு வேண்டாம். டாக்டர் வீட்டு நடையில ரெண்டு தடவ நின்னா பள்ளிவாசல் வரைக்கும் விசாரிச்சிருவானுவ. குத்தாலத்துல இப்பம் சீசன். அவனவன் தலையில எண்ணெயோட அலையுதான். எவனும் எவனையும் பாக்க மாட்டான்."

ஐந்தருவி போகும் சாலையில் ஒரு விடுதி அறை எடுத்தேன். ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்க வந்தவர் மாதிரியே மசூது வந்தார்.

"இதனால எனக்கு என்ன டாக்டரக்கா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது தம்பி."

"மருந்து கிருந்து?"

"இதுல கிடையாது. இனிமே இன்னொருத்தருக்கு வராம தடுக்க வழி தெரியலாம். அதுக்கும் எத்தன வருஷம் ஆகுமோ."

மசூது சட்டைக் கையைச் சுருட்டினார். "ஏர்போர்ட்ல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் எல்லாவனும் நல்ல வார்த்தை சொல்லியே என்னைய ஏமாத்தினான். நீங்கதான் ஒண்ணுமில்லன்னு நேரா சொல்லுதீய. எடுங்க."

மனைவி நூர்நிஷாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. நான் கொண்டுவந்தது போலியோ சொட்டு மருந்து வைக்கிற பெட்டி. உள்ளே எடுத்த ரத்தம் உள்ள குழாய்கள், சுற்றிலும் கொஞ்சம் ஐஸ். குளிர்ச்சியாக இருந்தால் போதும், உறையக் கூடாது. நான் வைத்திருந்த ஐஸ் கரைந்து போயிருந்தது. ஐந்தருவியில் குல்பி விற்கிற மூசா, நூர்நிஷாவின் தம்பி. நானும் மசூதும் சேர்ந்து போனால் பேச்சாகும் என்று, மசூது மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், "பிள்ளைகளுக்குப் போடுற மருந்து, ஐஸ் வச்சுக் குடு" என்றார். மூசாவே அதைத் தென்காசி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொல்லம் மெயிலில் என் கையில் கொடுத்தார். மரத்தூள் போட்டு, சாக்குச் சுற்றி, கயிறு கட்டியிருந்தார். நானே கட்டியிருந்தாலும் அவ்வளவு நேர்த்தி வந்திருக்காது.

சென்னையில் பிரித்தபோது குழாய்கள் கல்லாக இருந்தன. இளகியதும் ரத்தம் கண்ணாடி போலத் தெளிந்து, ரோஸ் சர்பத் நிறத்தில் நின்றது. ஓர் அணுகூட மிஞ்சவில்லை, எல்லாம் உடைந்துவிட்டன. மரத்தூளைக் கிளறினேன். கல் உப்பு. சின்ன வயதில் ஐந்தருவியில் குல்பி வாங்கித் தின்றவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஐஸில் உப்புப் போட்டால் குளிர் கூடும். அப்படித்தான் பால் குல்பியாகிறது.

"போகட்டும், வேறொருத்தர் கிடைப்பார்" என்றார் எங்கள் துறைத் தலைவர். கிடைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே மறுபடி ரயில் ஏறினேன்.

குற்றாலத்தில் அதே விடுதியில் விஷயத்தைச் சொன்னதும் மசூது என்மேல் கோபப்படவில்லை. "இன்னொரு தடவ எடுத்தா ஆகுமா?"

"இப்பவே எடுத்தா ஆகும். தள்ளிப்போனா அது முகத்த மாத்திரும்."

"அப்பம் மூசாகிட்ட உப்பு போடாதலேன்னு சொல்லணும். ஏன்னு கேப்பான்." நான் கொண்டுவந்திருந்த பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ஏன் டாக்டரக்கா, என் உடம்புக்குள்ள அது உயிரோடதான இருக்கு? ஐஸும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம். நானே வந்துருதேன். மெட்ராஸ்ல வச்சு எடுங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. "ஊர்ல என்ன சொல்லிட்டு வருவீங்க?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மூசாகிட்ட மட்டும் உள்ளதச் சொல்லுவேன். எனக்குப் பெறவு அவன் அக்காளுக்கு அவன்தான ஆளு."

மூசாவின் வண்டிக்குப் போனோம். கூட்டம் அருவிப் பக்கம் இருந்தது. மசூது குரலைத் தாழ்த்தி, நடந்ததையெல்லாம் சொன்னார். மூசா கையிலிருந்த குல்பி அச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"மச்சான், அந்தப் பெட்டில இருந்தது ஓம்ம ரத்தமாவே?"

"ஆமாலே."

"ரத்தம்னு சொல்லியிருந்தா நான் உப்புப் போடுவனா? மீனுக்கு வெறும் ஐஸ், குல்பிக்குத்தான் உப்புப் போட்ட ஐஸுவே! மருந்து, மெட்ராஸ் வரைக்கும் கெடாமப் போணும்னு வீட்ல இருந்த உப்பையெல்லாம் அள்ளிக் கொட்டினேன்." முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டார். "அக்காளுக்குத் தெரியுமா?"

"வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். அவளுக்கும் டாக்டர் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல."

மூசா அச்சைக் கீழே வைத்தார். வண்டிமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

"ஏலே, சீசன்ல கடைய அடைக்க?"

"நீரு மட்டும் தனியாப் போய் மெட்ராஸ்ல எங்கவே தங்குவீரு? ரூம்காரன் கேட்டா ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுமா ஒமக்கு?"

மூன்று பேரும் கொல்லம் மெயிலில் போனோம். எழும்பூரில் இறங்கி, காபிகூடக் குடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய், மசூதை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். குழாய் என் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு சொட்டில் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த அணு நீலமாகத் தெரியும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது.

மசூது குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் நீலமா இல்லியே."

"எல்லாம் உயிரோட இருக்கு தம்பி."

"உப்புப் போடலைல்லா" என்றார் மூசா கதவருகில் இருந்து.

ஆகஸ்ட் கடைசியில் கிருமி வளர்ந்தது. மசூதுக்கு எழுதும்போது, வளர்ந்துவிட்டது என்பதோடு இன்னொன்றும் எழுத வேண்டியிருந்தது. முதல் முகத்தைப் பிடித்துவிட்டோம். அது எப்படி எப்படி மாறுகிறது என்று பார்க்க, மாதா மாதம் ரத்தம் வேண்டும். கேட்பது நியாயமா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

பதில் ஒரு கார்டில் வந்தது. என் சுகம் விசாரித்து, சாரல் நின்றுபோனதைச் சொல்லி, கடைசியில் எழுதியிருந்தார்: செவ்வாய்க்கிழமை மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மூசாவும் வருகிறான். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, சாப்பிட்டு வரலாமா என்று மட்டும் எழுதவும்.