ஞானபூரணிக்கு மட்டும் தெரியாதது

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் வெள்ளைத் தாளில் படம் வரைந்து காட்டியபோது ஞானபூரணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய். தொப்புளுக்குச் சற்று மேலே அது பலூன்போல் வீங்கியிருந்தது.

"சைக்கிள் டியூப் ஒரு இடத்துல நைஞ்சு புடைச்சுக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரிதாம்மா. வெடிச்சுட்டா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம். வயித்தைத் திறந்து பண்ணலாம்னா உங்க வீட்டுக்காரர் இதயம் தாங்காது. அதனால இப்ப வந்திருக்கிற புது முறையில, ரெண்டு தொடையிடுக்குலயும் சின்னதா கீறி, கம்பி வலை வச்ச துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியாவே மேல கொண்டுபோய் விரிச்சு விட்ருவோம். ரத்தம் அதுக்குள்ளயே ஓடிரும். வீங்கின இடத்துல அழுத்தம் விழாது."

காரைக்குடி நடுநிலைப்பள்ளி ஆசிரியை அவள். நன்றாகவே புரிந்தது. புதுவயல் அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த கணவர் இஞ்ஞாசிமுத்து, இடுப்புவலிக்குப் பார்க்கப்போன இடத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று போன மாதம்தான் அவளிடம் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கர்த்தர் புண்ணியம், சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சீக்கிரமா? மதுரையில பாத்து ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. அப்ப நாலரை சென்டிமீட்டர். அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார். இப்ப ஆறைத் தாண்டிருச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் ஞானபூரணி. அந்நியர் முன்னால் கணவரை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

வார்டுக்கு வந்து கட்டிலருகே நின்றாள். "ரெண்டு வருஷமா மறைச்சிருக்கீக."

இஞ்ஞாசிமுத்து மழுப்பவில்லை. "நீ பதறிப்போவ பூரணி. அதான்."

"உங்க அப்பா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப அள்ளிக் கொட்டுனது யாரு? அப்ப நான் பதறுனேனா?"

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ரெண்டு வருஷம். மகள் ஜெசியின் கல்யாணம் நடந்ததும் அப்போதுதான்.

திருச்சியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்துத் துணிமணி எடுத்து வைத்திருந்தவள் ஜெசி. 'நல்ல வரன், விட்டா அமையாது, நீ சொன்னாத்தான் கேப்பா' என்று இஞ்ஞாசிமுத்து பிடிவாதமாக மனைவியைத் தூது அனுப்பினார். ஊர்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் படி, படி என்று விரட்டும் வாயால் ஞானபூரணி தன் பிள்ளையிடம் படிப்பு எங்கே ஓடிப்போகிறது என்று பேசினாள். ஜெசி இரண்டு நாள் அழுது ஓய்ந்து தலையாட்டினாள். திருப்பத்தூரில் வாழப்போன பிறகு வந்தபோதெல்லாம் அம்மாவிடம் மட்டும் ஒதுங்கியே பேசினாள். படிப்பைக் கெடுத்த கோபம் என்று தன்னையே நொந்துகொண்டாள் தாய்.

"அப்ப அவ கல்யாணத்துக்கு அவசரப்பட்டது இதுக்குத்தானா?"

இஞ்ஞாசிமுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழாய் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, கசிவு இல்லை என்று டாக்டர் சிரித்தார். ஞானபூரணி கைகூப்பினாள். கண்ணீரும் வந்தது. ஆனால் எந்நேரமும் ஓடும் ஜெபம் அன்று வாயில் வரவில்லை.

திருப்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்த ஜெசியை நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்த்தா. அன்னைக்கு நான் படிப்பு வேணாம்னு பேசுனேன்ல, அது அப்பா என்னையும் ஏமாத்தி அனுப்புனது. அவுகளுக்கு அப்பவே இந்த நோவு தெரிஞ்சிருக்கு. சத்தியமா எனக்குத் தெரியாது."

ஜெசி குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும்மா."

"இப்பத்தானே?"

"இல்லம்மா, அப்பவே. நீ பேசுன மறுநாளே அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாக. 'நான் கண்ணு மூடுறதுக்குள்ள உன்னை ஒரு இடத்துல பாத்துரணும்'னு அழுதாக. அதுக்குத்தான் சரின்னேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. உன் முகத்தைப் பாத்தா உளறிருவேன்னுதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கும் தெரியும்."

ஞானபூரணி மகளின் கையை விட்டாள். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கோவிலில் முழந்தாள்படியிட்டிருக்கிறார்கள். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"கோவமாம்மா?" என்றாள் ஜெசி.

"தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

காரைக்குடிக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் வைத்தியமா என்று வியந்தார்கள். இஞ்ஞாசிமுத்து தெம்பாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி, "டீச்சர் கூடவே நின்னு காப்பாத்திட்டீக" என்றாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே கூட நின்னிருப்பேன்" என்றாள் ஞானபூரணி. "மக, மருமகன் எல்லாருக்கும் ரெண்டு வருஷமாத் தெரியும். எனக்குத்தான் டாக்டர் சொல்லித் தெரிஞ்சது."

வந்தவர்கள் காப்பியை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார்கள். கதவு சாத்தியதும் இஞ்ஞாசிமுத்து கேட்டார், "நாலு பேர் முன்னாடி இப்படிச் சொல்லலாமா பூரணி?"

"வேற யார்கிட்டச் சொல்ல? வீட்டுல உள்ளவுகளுக்குத்தான் எல்லாம் முன்னமே தெரியுமே."

மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விழுங்கும்வரை நிற்காமல் உள்ளே போனாள்.