எர்மெலிந்தாவின் மூன்று சுழி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல ஹிஸ்பானிக் வாக்காளர்களோட தாக்கம். ஆயிரம் வார்த்தை. நீங்க லாஸ் வேகாஸ்ல அவங்க நடுவுலதானே இருக்கீங்க? அவங்க எந்தப் பக்கம்னு ஒரே வரியில சொல்லிட்டீங்கன்னா தலைப்பும் ஆச்சு."

பத்தொன்பது வருடமாக இந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் நடுவில்தான் இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை, வருகிறவர்களின் சர்க்கரை அளவுகூட எனக்கு மனப்பாடம். ஒரே வரிதானே என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மூன்று கோடிக்கும் அதிகமான ஹிஸ்பானிக் வாக்காளர்கள் ஒரே"

ஒரே என்ன? ஃப்ளோரிடாவின் கியூபாக்காரர், பென்சில்வேனியாவின் பியூர்த்தோ ரிக்கோக்காரர், என் தெருவின் மெக்சிகோக்காரர், மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பீன்ஸ் கறுப்பா சிவப்பா என்பதிலேயே கைகலப்பாகிவிடும். அந்த வாக்கியத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். யாருக்காவது முடிக்கத் தெரிந்தால் முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தொடக்கம்: "அவர்களைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தைப் பார்த்தால் போதும்."

பார்த்தேன். பக்கத்து வீடுதான். அந்தக் குடும்பமே இரண்டாக இருந்தது. கட்டுரை அங்கே செத்தது.

2

எர்மெலிந்தா கின்தேரோ, ஐம்பத்தெட்டு வயது. பெரிய ஹோட்டல் ஒன்றில் இருபத்தாறு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறவள். போன மார்ச்சில்தான் குடியுரிமை கிடைத்தது. வரப்போவது அவள் வாழ்க்கையின் முதல் ஓட்டு.

அவள் கணவர் நிகாநோர், கூரை வேய்கிறவர். குடியுரிமையில் அவளுக்கு எட்டு வருடம் சீனியர். அதைத் தினமும் ஒரு முறையாவது சொல்லிக்காட்டுவார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, அவர்கள் சமையலறையில் நானும் இருந்தேன். இருவரின் வாக்குச்சீட்டுகளும் தபாலில் வந்திருந்தன. இந்த மாநிலத்தில் வீட்டிலேயே குறித்து, உறைமேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பலாம்.

"முட்டை விலையப் பாத்தியா? அதனாலதான் நான் இந்த ஆளுக்குப் போடப் போறேன்" என்றார் நிகாநோர்.

"நானும் முட்டை விலையாலதான்யா போடுறேன். ஆனா அந்த ஆளுக்கு" என்றாள் எர்மெலிந்தா.

(இந்த ஆள் யார், அந்த ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்ன நிமிடம் நீங்கள் இருவரில் ஒருவரை வெறுக்கத் தொடங்குவீர்கள், எனக்குக் கதை போய்விடும்.)

"அப்ப நீ ஒண்ணு நான் ஒண்ணு, கழிச்சா பூஜ்யம். எதுக்கு ரெண்டு பேரும் பேனா மையை வீணாக்கணும்? போடாமலே இருப்போம்."

"சரி கிழவா."

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு உறைகளும் குளிர்சாதனப் பெட்டியின் மேல், ரொட்டி அழுத்தும் இரும்புக் கருவிக்கு அடியில் போயின. நான்தான் சாட்சி.

3

[இங்கே தேர்தல் நாளைப் பற்றி இரண்டு பத்தி இருந்தது. டாகோ ரொட்டிப் படம் போட்ட பிரசாரத் துண்டுச்சீட்டுகள், தப்பும் தவறுமான ஸ்பானிய மொழியில் போனில் வந்த பதிவுக் குரல்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது, நிறுத்த வேண்டியிருக்கிறது.]

4

தேர்தல் முடிந்து ஆறாம் நாள், திங்கட்கிழமை, மதியம் மூன்றே முக்கால். அவர்களுடைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், வெறும் பாத்திரமாக இல்லாமல் எலுமிச்சை சாதத்தோடு. உள்ளே உட்கார்ந்ததும் கதவு தட்டுகிற சத்தம், நிகாநோர் போய்த் திறந்தார். வாசலில் வியர்வையும் தண்ணீர்ப் புட்டியுமாக ஒரு பெண். பெயர் ஒஃபேலியா, இன்னொரு ஹோட்டலின் சமையற்காரி. தேர்தல் வேலைக்காக மூன்று வாரம் விடுப்பு போட்டிருக்கிறாள்.

"எர்மெலிந்தா கின்தேரோ அம்மா வீடுதானே? அவங்க ஓட்டுல ஒரு சிக்கல்."

"வீடு சரி. ஆனா அவ ஓட்டே போடலியே."

ஒஃபேலியா கைபேசியைப் பார்த்தாள். "போட்டிருக்காங்க ஐயா. கையெழுத்து ஒத்துப்போகலன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணலைன்னா செல்லாது."

வீட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

"கிழவி!" என்றார் நிகாநோர், திரும்பாமலே.

"என்னய்யா," என்றாள் அவள், சின்னக் குரலில்.

5

கையெழுத்து ஏன் ஒத்துப்போகவில்லை? அவள் ஊர்ப்பக்கம் கையெழுத்து என்றால் பெயரை எழுதுவதில்லை. பதினைந்து வயதில் ஆளுக்கொரு கிறுக்கலைக் கண்டுபிடித்து, சாகும்வரை அதையே போடுவார்கள். எர்மெலிந்தாவுடையது மூன்று சுழி, அடியில் சாட்டை மாதிரி ஒரு கோடு. ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதும் அதுதான், தேர்தல் அலுவலகம் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதோடுதான்.

ஆனால் ஓட்டு உறையில் அவள் தன் முழுப்பெயரை, அப்பா வழிப்பெயரும் அம்மா வழிப்பெயருமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

"ஏன்மா அப்படி?" என்றாள் ஒஃபேலியா.

"ஒரு நாட்டுக்குத் தலைவரத் தேர்ந்தெடுக்கிற காகிதம். அதுல போயா கிறுக்குவாங்க? மரியாதை வேணாம்?"

ஒஃபேலியா தலையில் அடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது நான்காவது வீடாம், இதே மரியாதை.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நம்ம பக்கம்தானேம்மா?" என்றாள்.

"நீ எந்தப் பக்கம்?"

ஒஃபேலியா சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எர்மெலிந்தா எந்தக் கட்சியிலும் பதிந்தவள் இல்லை. பெயரைப் பார்த்து, நம் ஆள்தான் என்று முடிவு கட்டி, ஒஃபேலியாவின் கட்சியில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.*

* மறுதரப்பும் அதே பெயரைப் பார்த்து அதே முடிவோடு ஒருவரை அனுப்பியது. அவரை இந்த வரைவிலிருந்து நீக்கிவிட்டேன், சோபாவில் இடமில்லை.

6

நிகாநோர் சமையலறைக்குப் போய், இரும்புக் கருவியைத் தூக்கி, தன் உறையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒட்டவில்லை, எழுதவில்லை.

(இந்த இடத்தில்தான் இவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே சத்தியத்தைக் காப்பாற்றினாரா, அல்லது மறந்துபோனாரா? பிறகு கேட்டபோது, "எது உனக்கு அழகா வருதோ அத எழுதிக்க" என்றார். கதை எழுதாதவர்களிடம்தான் இப்படி மாட்டிக்கொள்கிறேன்.)

"நீ நிஜமாவே போடலியா?" என்றாள் எர்மெலிந்தா.

"சத்தியம் பண்ணினேன்ல."

அவள் முகம் சிவந்துவிட்டது. கையெழுத்தை உறுதிசெய்ய ஒஃபேலியா நீட்டியிருந்த படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கமே தள்ளினாள். "வேணாம்மா. செல்லாமலே போகட்டும். பூஜ்யம்னா பூஜ்யம்."

மார்ச்சில் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்தவள், அங்கே கொடுத்த சின்னக் கொடியை இன்னும் சர்க்கரை டப்பாவில் குத்தி வைத்திருக்கிறாள். அவளுக்கு இந்த ஓட்டு என்னவென்று எனக்குத் தெரியும். திருட்டுத்தனமாகப் போட்டதும் அதனால்தான்.

நிகாநோர் ஒஃபேலியாவிடம் திரும்பினார். "என்ன சொன்னாங்க? அவ கையெழுத்து அவளோடது இல்லைன்னாங்களா?"

"ஒத்துப்போகலன்னுதான் ஐயா…"

"அதான. இருபத்தாறு வருஷமா வேலைக்கு உள்ள போக ஒரு கையெழுத்து, வெளிய வர ஒரு கையெழுத்து. ஹோட்டல் துண்டு எண்ணிக்கை குறைஞ்சா அதுக்கும் ஒண்ணு. அப்பல்லாம் அது அவளோடதா இருந்துச்சு. இப்ப மட்டும் வேற எவளோடதோவா?" குரல் உயர்ந்துவிட்டது. "போடுடி கிழவி."

"நான் போட்டா உன் ஆளு ஒரு ஓட்டு பின்னால போயிடுவாருய்யா."

"போகட்டும். அடுத்த தடவை நான் திருடுறேன்."

7

ஆனால் அவளுக்குச் சுழி வரவில்லை. உரிமத்தில் போட்டது பதினோரு வருடத்துக்கு முன்பு. ஒரு நாளைக்குப் பதினைந்து மெத்தைகளுக்கு விரிப்பு இழுத்துக் கட்டுகிற விரல்கள், கணுக்கணுவாக வீங்கியிருந்தன. இப்போதெல்லாம் ஹோட்டலில் அட்டையைத் தேய்த்தால் போதும், கையெழுத்தே கேட்பதில்லை.

"பழகிப் பாக்க ஒரு காகிதம் குடுங்க."

நிகாநோர் தன் ஓட்டு உறையைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

அவள் போட்டாள். சரியில்லை. மறுபடி போட்டாள். அவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது சுழி குண்டா இருக்கணும்."

"எங்கையெழுத்த எனக்கே சொல்லித் தரியா?"

"நான் இங்கயும் நீ அங்கயும் இருந்தப்ப ரெண்டு வருஷம் லெட்டர் போட்டியே. ஒவ்வொண்ணுலயும் ரெண்டாவது குண்டு." காற்றில் விரலால் வரைந்து காட்டினார். "இப்படி."

பன்னிரண்டு முறை. அவருடைய போடாத ஓட்டு முழுக்க அவளுடைய சுழிகள். ஒஃபேலியா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாவதைப் படிவத்தில் போட்டாள் எர்மெலிந்தா. ஒஃபேலியா படம் எடுத்து அனுப்பியபோது மணி நான்கு நாற்பத்தாறு.

8

முடிவுகள் கைவசம் மூன்று.

முதலாவதில், அந்த ஒரு ஓட்டால் மாநிலமே ஒரு பக்கம் சாய்கிறது. [அடித்துவிட்டேன். நிகாநோர் கேட்டால் கூரையிலிருந்து விழுந்துவிடுவார்.]

இரண்டாவதில், கையெழுத்து நிராகரிக்கப்படுகிறது. [எழுத முடியவில்லை. நாளைக்கும் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். பாத்திரம் வேறு இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது.]

இடையில் ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். "எல்லாம் சரி மேடம். அந்தம்மா யாருக்குத்தான் போட்டாங்க?"

மூன்றாவது முடிவு உங்களுடையது. கையெழுத்துகளை ஒப்பிடும் அலுவலகத்தில் இன்று நீங்கள்தான். வலது கையை மேசையில் வையுங்கள். இடப்பக்கம் பதினோரு வருடப் பழைய மூன்று சுழி, நடுக்கமே இல்லை. வலப்பக்கம் இன்றைய மூன்று சுழி. கோடு கொஞ்சம் ஆடியிருக்கிறது. இரண்டாவது சுழி வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குண்டு, ஒருவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்ததால்.

நடுவில் அவள் உறை. அதைப் பிரிக்க உங்களுக்கு அனுமதியில்லை. உள்ளே குறித்திருக்கும் அந்த ஆள் யாரென்று தெரிந்தால் முடிவு செய்வது சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறதா? எனக்கும் ஒரு நொடி தோன்றியது. வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். இது அவளுடையதா, இல்லையா?