அனாதைக் கூடை

கடைத்தெருவின் கோடியில் இருந்த செல்போன் ரிப்பேர் கடைக்காரரை எல்லோரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீரில் விழுந்ததோ, வண்டிச் சக்கரம் ஏறியதோ, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் புரட்டிப் பார்த்துவிட்டு, “உசுரு இருக்கு, காப்பாத்திடலாம்” என்பார். கைராசிக்காரர். யாரையும் ஏமாற்றியவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலை கடையில் கூட்டமில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடையை வெளியே இழுத்தார். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத போன்கள் அதில் கிடந்தன. கடையில் அதற்கு அனாதைக் கூடை என்று பெயர். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கொடுத்த நம்பருக்கு மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் போன் கூடைக்குப் போகும். கூடை நிறைந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைப்பார்கள். ‘வாங்காத பொருட்களுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று சுவரில் பலகையும் இருந்தது.

“இதுவும் ஸ்விட்ச் ஆஃப் மாமா” என்றான், ஒரு நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த அவருடைய மச்சான். “புதுசு வாங்கியிருப்பான். பழசு எங்க ஞாபகம் இருக்கப் போவுது?”

“கட்டின பொண்டாட்டியையே மறந்துடறானுங்க மாப்ள, போன் எம்மாத்திரம்?”

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் படியேறி வந்தார். தையல்காரர். இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து கழுத்தோடு வந்திருந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கசங்கிய ரசீது ஒன்றை நீட்டினார்.

“எங்க வீட்ல ஒரு போன் குடுத்திருந்தாங்க. ஸ்க்ரீன் உடைஞ்சது. எந்தக் கடைன்னு தெரியாம இருந்தேன். நேத்துதான் இது அவங்க கைப்பையில கெடைச்சுது.”

“அவங்களையே வரச் சொல்லியிருக்கலாமே?” என்றான் மச்சான்.

“அவங்க இல்லீங்க.”

“ஊர்ல இல்லையா?”

தையல்காரர் குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்து, மேலே இருந்த காதை உள்ளங்கையால் மூடினார். “தவறிட்டாங்க. திடீர்னு ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாயிடுச்சு. வீட்டுக்குப் போனதும் போனை வாங்கிக்கலாம்னு சொல்லிட்டிருந்தாங்க.”

டாக்டர் எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அந்தப் போன் இன்னும் விற்கவில்லை. புதுத் திரையோடு பளபளவென்று இருந்தது. தையல்காரரின் முகம் மலர்ந்தது. குழந்தை அதைவிட வேகமாகக் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டது.

“இவ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாத்தையும் இவ அம்மா இதுல பதிஞ்சு வெச்சிருந்தா. நடுவுல நடுவுல அவ குரலும் வரும். என்கிட்ட இருக்கறது பட்டன் போன். முகத்துக்கு வீட்ல போட்டோ இருக்கு. குரலுக்கு இது ஒண்ணுதான்.”

குழந்தை திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “பேச மாட்டேங்குதுப்பா” என்றது.

டாக்டர் குழந்தையைப் பார்க்காமல் தையல்காரரிடம் திரும்பினார். “தம்பி... யாரும் வரலன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டோம்.”

“திரும்ப எடுக்க முடியாதாண்ணே?”

“முடியாது.”

“சொல்லாம அழிக்கலீங்க,” மச்சான் அவசரமாகச் சொன்னான். “மூணு தடவை கூப்பிட்டோம். ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு. ரசீதுலயே நம்பர் இருக்கே, பாருங்க.”

தையல்காரர் பார்த்தார். “இது இந்தப் போனோட நம்பருங்க.”

ரசீதை மடித்துக்கொண்டே தையல்காரர் தொடர்ந்தார்.

“மனசு கேக்காம நானும் இதே நம்பருக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். எனக்கும் ஸ்விட்ச் ஆஃப்தான்.”

மேசையில் தங்கள் கையெட்டும் தூரத்தில் அணைந்து கிடந்த போனையே கூப்பிட்டுவிட்டு, ஆள் எடுக்கவில்லை என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். இத்தனை வருஷத் தொழிலில் அது இருவருக்கும் உறைக்கவே இல்லை.

“தப்புதான் தம்பி. மன்னிச்சுடுங்க” என்றார் டாக்டர்.

தையல்காரர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாங்க வரலன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்லண்ணே. வர முடியாமப் போயிருக்கலாம். எவ்வளவு நாள் உங்ககிட்ட கெடந்தாலும் அடுத்தவங்க பொருள் அடுத்தவங்களோடதுதான். அழிக்கறதுக்கு முன்னாடி வீட்ல வேற யாரையாவது தேடிக் கேட்டிருக்கலாம்.”

படியிறங்கிப் போனார். தெருமுனையில் திரும்பும்வரை குழந்தை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

டாக்டர் சுவரிலிருந்த பலகையைக் கழற்றினார். கூடையில் கிடந்த போன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். பெரும்பாலும் அந்தந்தப் போனின் நம்பராகத்தான் இருக்க வேண்டும்.

“இனிமே யார் வந்தாலும் வீட்ல இன்னொருத்தர் நம்பரையும் கேட்டு வாங்கு மாப்ள. உரியவங்களைக் கண்டுபிடிக்காம எதையும் தொடக் கூடாது.”

“சரி மாமா. இப்ப இதையெல்லாம் என்ன பண்றது?”

“எல்லாத்துக்கும் சார்ஜ் போடு. யாராவது கூப்பிட்டா எடுக்கலாம்.”

மேசை முழுக்க வரிசையாகப் போன்கள் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தன. டாக்டர் வேறு வேலையில் கை வைக்காமல் அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடை சாத்தும்வரை ஒன்றுகூட அடிக்கவில்லை.